கூகை வயலுக்கு வரவில்லையே!

அன்புள்ள ஐயா,

சம்பா தூர் கட்டும் நேரத்தில் எலி வெட்டு தாங்கவில்லை. எலி பிடிக்கும் கூகை ஆந்தை வந்து உட்காரட்டும் என்று ஏக்கருக்கு இருபது பனைமட்டை நட்டேன். கரிச்சான்தான் உட்காருகிறது. புரோமாடியலோன் எலி மருந்தை வைத்துவிடலாமா?

வாசகர், மன்னார்குடி வட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

கரிச்சான் உட்காரட்டும், அந்துப்பூச்சியாவது குறையும். கூகை வந்ததா என்று மட்டைக்கு அடியில் பாருங்கள். இரையை முழுசாக விழுங்கிவிட்டு, முடியையும் எலும்பையும் கட்டைவிரல் பருமனில் கறுப்பு உருண்டையாகக் கக்கிவிடும். வயல் தண்ணீரில் விழுந்தது கரைந்திருக்கும், வரப்போரம் தேடுங்கள். ஊறவைத்துப் பிரித்தால் மண்டையோடு வரும். நீளமான மஞ்சள் முன்பல் என்றால் எலி, வெள்ளை ஊசிப்பல் என்றால் மூஞ்சூறு.

உருண்டையே இல்லையா? மட்டையை நட்ட இடம் சரியில்லாமல் இருக்கலாம். எலி வரப்பு வளையிலிருந்துதான் இறங்குகிறது. வரப்பிலிருந்து ஐந்தாறு அடிக்குள், பயிருக்கு மேல் ஒன்றரை அடி தெரியும்படி, ஆடாமல் ஆழமாக நடுங்கள். மூங்கில் என்றால் குறுக்குக் கழியில் வைக்கோல் பிரி சுற்றுங்கள், நகம் வழுக்காது. கூகையின் இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இல்லை. அதனால்தான் கும்மிருட்டிலும் சலசலப்பை வைத்தே எலி இருக்கும் இடத்தைக் கணிக்கிறது. ஆனால் பயிர் மூடிவிட்டால் காது கேட்டாலும் கால் எட்டாது. அடுத்த முறை நட்ட வாரமே மட்டை நிற்கட்டும். கதிர் பால் பிடிக்கும்போது பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் சில்லையும் கிளியும் அதிலேயே உட்கார்ந்து கதிரை உருவும்.

புரோமாடியலோன் வேண்டாம். தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும், கூகைக்குச் சுலபமாகச் சிக்கும். மருந்து ஈரலில் சேர்ந்து, ரத்தம் உறையாமல் கூகையும் செத்துப்போகும். கூட்டில் குஞ்சு இருந்தால் அதுவும் போச்சு. வளர்ந்த வரப்பெலியைக் கூகை அதிகம் எடுக்காது, இளசுகளைத்தான் எடுக்கும். பெரியதற்குத் தஞ்சாவூர் கிட்டி என்னும் மூங்கில் வில்பொறிதான் சரி. மாலையில் வளை வாய்களை மண்ணால் அடையுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ அங்கே கிட்டி வையுங்கள்.

இன்னொன்று, கூகைக்குக் குடியிருக்க இடம் வேண்டும். சாக்குருவி என்று விரட்டுகிறார்கள். திருப்பணியில் புறாவுக்காகக் கோபுர மாடங்களில் வலை அடித்தால் கூகைக்கும் வழி அடைபடுகிறது. அது கூடு கட்டாது, இருட்டு மூலை போதும். களத்துக் கொட்டகை முகட்டில் இரண்டடி உயரப் பலகைப்பெட்டி மாட்டலாம். வாசல் அரையடி அகலம், தரைப்பலகையிலிருந்து ஒன்றரை அடி மேலே. தாழ்வாக வைத்தால் குஞ்சு தவறி விழும். நாலைந்து முட்டைகளும் ஒரே நாளில் பொரிவதில்லை. மூத்தது இறகு விடும்போது கடைசி வெறும் பஞ்சாக இருக்கும். அடியில் நாலு துளை போடுங்கள். தென்னையில் மாட்டாதீர்கள், மட்டை விழுந்து பெட்டி உடையும்.