மார்மன் சபையின் மூத்த தலைவர்கள்: கேள்வி பதில்

(பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதுதான் முழுப்பெயர். உலகம் முழுக்க மார்மன் சபை என்றே அறியப்படுகிறது. தலைமையகம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள சால்ட் லேக் சிட்டி.)

கேள்வி: இந்தச் சபையின் தலைவராவதற்கு என்ன இறையியல் படிப்பு வேண்டும், ஐயா? எந்த செமினரியில் படிக்கிறார்கள்?

எந்தப் படிப்பும் தேவையில்லை. குருமாருக்கென்று தனிக் கல்லூரியே இவர்களிடம் கிடையாது. ஐம்பது, அறுபது வயதுவரை வேறு தொழில் செய்தவர்களைத்தான் பெரும்பாலும் அப்போஸ்தலர்களாக (தலைவர் வரும் பன்னிருவர் குழுவினராக) அழைக்கிறார்கள். 2018 முதல் 2025 வரை தலைவராயிருந்த ரஸ்ஸல் நெல்சன் இதய அறுவை மருத்துவர். 22 வயதில் மருத்துவப் பட்டம் பெற்றவர். மினசோட்டாவில் இதய-நுரையீரல் இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் வேலை செய்தவர். 1955இல் யூட்டாவின் முதல் திறந்த இதய அறுவை சிகிச்சையைச் செய்தது அவர்தான். இப்போதைய தலைவர் டாலின் ஓக்ஸ் நீதிபதியாக இருந்தவர். அப்போஸ்தலர் டீட்டர் உக்டார்ஃப் லுஃப்தான்சா விமான நிறுவனத்தில் தலைமை விமானியாக இருந்தவர். பின்னாளில் தலைவரான எஸ்ரா டாஃப்ட் பென்சன், அமெரிக்க அதிபர் ஐசனோவர் அமைச்சரவையில் எட்டு ஆண்டுகள் வேளாண் அமைச்சர். இரண்டாம் தலைவர் பிரிகாம் யங் தச்சு வேலையும் வர்ணம் பூசும் வேலையும் செய்தவர்.

கேள்வி: தலைவர் இறந்தால் அடுத்தவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? போட்டி இருக்குமா?

போட்டிக்கு இடமே இல்லை. தலைவரும் இரண்டு ஆலோசகர்களும் சேர்ந்தது பிரதான தலைமை. தலைவரின் மூச்சு நின்ற கணமே அது கலைந்துவிடும். ஆலோசகர்கள் பன்னிரு அப்போஸ்தலர் குழுமத்தில் தங்கள் பழைய மூப்பு வரிசைக்குத் திரும்புவார்கள். அந்த நிமிடத்திலிருந்து குழுமத்தின் மூத்தவரே சபையை நடத்துவார். பிறகு அப்போஸ்தலர்கள் கூடி, புதிய பிரதான தலைமையை அமைப்பதா என்று முடிவு செய்து, மூத்தவரின் தலைமேல் கைவைத்து அவரைத் தலைவராக்குவார்கள். ஆலோசகர்களை அவரே தேர்ந்துகொள்வார். அடுத்த பொது மாநாட்டில் உறுப்பினர்கள் கை உயர்த்தி ஆதரவு தெரிவிப்பார்கள்.

2025இல் நடந்ததைப் பாருங்கள். நெல்சன் செப்டம்பர் 27 அன்று 101 வயதில் காலமானார். அக்டோபர் 4, 5 தேதிகளில் நடந்த பொது மாநாட்டின்போது பிரதான தலைமையே இல்லை. ஓக்ஸ் அப்போஸ்தலர் குழுமத் தலைவராக அதை நடத்தினார். அக்டோபர் 14 அன்றுதான் அவர் சபைத் தலைவரானார். ஹென்றி பி. ஐரிங், டாட் கிறிஸ்டாஃபர்சன் இருவரும் ஆலோசகர்கள்.

கேள்வி: மூப்பு என்பது வயதா? நெல்சனும் ஓக்ஸும் ஒரே நாளில் அழைக்கப்பட்டதாகப் படித்தேனே.

வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குழுமத்தில் சேர்ந்த வரிசைதான் கணக்கு. 1984 ஏப்ரல் 7 மாநாட்டில் இருவர் பெயரையும் வாசித்தார்கள். நெல்சன் பெயர் முதலில். நெல்சன் ஏப்ரல் 12 அன்றே நியமிக்கப்பட்டார். ஓக்ஸ் அப்போது யூட்டா உச்ச நீதிமன்ற நீதிபதி. கைவசமிருந்த பணிகளை முடித்துவிட்டு மே 3 அன்றுதான் நியமனம் பெற்றார். மாநாட்டில் ஆதரவு பெற்ற தேதி வேறு, கைவைத்து நியமனம் பெற்ற தேதி வேறு. வாழ்க்கைக் குறிப்பு எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இந்த விதியும் ஒரே நாளில் உருவானதல்ல. ஆர்சன் ஹைட், ஆர்சன் பிராட் இருவரும் இடையில் சிறிது காலம் குழுமத்துக்கு வெளியே இருந்தவர்கள். அதனால் 1875இல் பிரிகாம் யங் அவர்களை வரிசையில் கீழே இறக்கினார். ஜான் டெய்லர் மேலே வந்தார், பிறகு தலைவரும் ஆனார். இன்னொரு சிக்கல் 1900இல் தீர்ந்தது. பிரிகாம் யங்கின் மகன் 1864இலேயே அப்போஸ்தலராக நியமிக்கப்பட்டவர், ஆனால் குழுமத்தில் இடம் கிடைத்தது 1868இல். ஜோசப் எஃப். ஸ்மித் நியமனம் பெற்றது 1866, குழுமத்தில் சேர்ந்தது 1867. குழுமத்தில் சேர்ந்த நாளே செல்லும் என்று முடிவானது. அடுத்த ஆண்டே ஸ்மித் தலைவரானார்.

கேள்வி: 2018இல் உக்டார்ஃபை ஆலோசகர் பதவியிலிருந்து நீக்கியது தண்டனையா?

இல்லை. நெல்சனுக்கு முந்தைய தலைவர் மான்சன் இறந்ததும் அந்தப் பதவி தானாகவே முடிந்துவிட்டது. நெல்சன் வேறு இருவரைத் தேர்ந்துகொண்டார். உக்டார்ஃப் தன் மூப்பில் ஒரு நாள்கூட இழக்கவில்லை.

கேள்வி: இவ்வளவு முதியவர்கள் தலைமைக்கு வந்தால் நிர்வாகம் என்னாவது?

முக்கியமான கேள்வி. ஜோசப் ஃபீல்டிங் ஸ்மித், நெல்சன், ஓக்ஸ் மூவருமே தலைவரானபோது அவர்களுக்கு வயது 93. அப்போஸ்தலர்களுக்கு அடுத்த நிலையிலுள்ள எழுபதின்மர் குழுவினர் 70 வயதையொட்டி ஓய்வு பெறுகிறார்கள். அப்போஸ்தலர்களுக்கோ பணி ஆயுள் முழுக்க. தலைவர் படுத்துவிட்டால் சுமை ஆலோசகர்கள்மேல் விழும். தலைவர் ஸ்பென்சர் கிம்பல் தளர்ந்த காலத்தில், 1981இல், கார்டன் ஹிங்க்லியை மூன்றாவது ஆலோசகராகவே சேர்த்தார்கள். பிந்தைய ஆண்டுகளில் அன்றாட வேலையைப் பெரும்பாலும் அவரே இழுத்துச் சென்றார். பென்சன் தன் கடைசி ஆண்டுகளில் மேடையில் பேச முடியாமலே தலைவராக இருந்தார். அன்றாட நிர்வாகம் தடைபடவில்லை. பெரிய மாற்றங்களுக்குத் தலைவரின் குரல் வேண்டும் என்பதால் அவை காத்திருக்க நேரும். என் பார்வையில் இந்த முறையின் உண்மையான பலவீனம் அதுதான். வாரிசுச் சண்டை இல்லாமல் இருப்பதற்கு அவர்கள் கொடுக்கும் விலை என்றும் சொல்லலாம்.

இந்த வரிசையில் ஒருவரின் உயிர் எவ்வளவு கனமானது என்பதற்கு 1972ஐப் பார்க்க வேண்டும். கிம்பலுக்கு அப்போது 77 வயது, இதயம் மோசமாகப் பழுதாகியிருந்தது. இந்த வயதில் எதற்கு அறுவை சிகிச்சை என்று அவரே தயங்கினார். வரிசையில் அவருக்கு முன்னிருந்த ஹெரால்ட் லீ வற்புறுத்த, ஏப்ரலில் நெல்சன் கத்தி பிடித்தார்: வால்வு மாற்றம், கூடவே பைபாஸ். கிம்பல் பிழைத்தார். அதற்குள் தலைவராகியிருந்த, அவரைவிட நான்கு வயது இளையவரான லீ 1973 டிசம்பரில் எதிர்பாராமல் இறந்துபோக, கிம்பல் தலைவரானார். 1978 ஜூனில், கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் இல்லை என்ற நீண்ட காலத் தடை அவர் தலைமையில் நீங்கியது. அவர் பிழைத்திருக்காவிட்டால், 1943இல் அதே நாளில் அவருக்கு அடுத்ததாக நியமனம் பெற்ற பென்சன் 1973இலேயே தலைவராகியிருப்பார்.

கேள்வி: ஸ்மித் என்ற பெயரில் எத்தனை தலைவர்கள்? குழப்பமாக இருக்கிறது, சார்.

நான்கு பேர். 1830இல் சபையை நிறுவி 1844இல் கார்த்தேஜ் சிறையில் கொல்லப்பட்டவர் ஜோசப் ஸ்மித். அவருடைய அண்ணன் ஹைரமும் அதே சிறையில் இறந்தார். ஹைரமின் மகன் ஜோசப் எஃப். ஸ்மித் (1901–1918). அவர் மகன் ஜோசப் ஃபீல்டிங் ஸ்மித் (1970–1972). நான்காமவர் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் (1945–1951). நடுப்பெயரையோ நடு எழுத்தையோ விட்டுவிட்டால் தகப்பன் செய்ததை மகன் கணக்கில் எழுதிவிடுவீர்கள். ஐரிங் விஷயமும் இப்படித்தான்: வேதியியலில் ஐரிங் சமன்பாடு தந்தவர் தந்தை ஹென்றி ஐரிங், அப்போஸ்தலர் அவருடைய மகன் ஹென்றி பி. ஐரிங், ஸ்டான்ஃபோர்டில் வணிக மேலாண்மைப் பேராசிரியராக இருந்தவர்.

கேள்வி: ஓக்ஸின் பின்னணி பற்றிச் சொல்லுங்கள்.

1932இல் ப்ரோவோவில் பிறந்தவர். மருத்துவரான தந்தை காசநோயில் இறந்தபோது பையனுக்கு ஏழு வயது; விதவைத் தாய்தான் வளர்த்து ஆளாக்கினார். சிகாகோவில் சட்டம் படித்து, 1957–58இல் அமெரிக்கத் தலைமை நீதிபதி ஏர்ல் வாரனிடம் சட்ட உதவியாளராக இருந்தார். பிறகு சிகாகோவில் சட்டப் பேராசிரியர், 1971 முதல் 1980 வரை பிரிகாம் யங் பல்கலைக்கழகத் தலைவர், அதன்பின் நீதிபதி. அவர் உரைகளைக் கேட்டால் தீர்ப்பு வாசிப்பது போலிருக்கும்: முதலில் கோட்பாடு, பிறகு விதிவிலக்கு, கடைசியில் அது பொருந்தும் எல்லை. இளமையில் அவர் மதம் பரப்பும் ஊழியப் பயணம் போகவில்லை; நெல்சனும் போனதில்லை. அது கட்டாயத் தகுதி என்று நினைப்பது தவறு.

கேள்வி: சம்பளம்?

தொகுதி (உள்ளூர்ச் சபை) ஆயர்களுக்குச் சம்பளம் இல்லை. தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே செய்கிறார்கள். முழுநேர மூத்த தலைவர்களுக்கு வாழ்க்கைப்படி உண்டு. கசிந்த ஓர் ஆவணத்தின்படி 2014இல் அது ஆண்டுக்கு 1,20,000 டாலர்.

கேள்வி: இன்றைய தலைவர்களுக்கும் பல மனைவிகளா?

ஒரே நேரத்தில் இல்லை. 1890இல் நான்காம் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் வெளியிட்ட அறிக்கை பலதார மணத்தை நிறுத்தும் வழியைத் திறந்தது. அதற்கு முந்தைய தலைவர் ஜான் டெய்லர், பலதார மணத்துக்கு எதிரான சட்டங்களுக்குத் தப்பி மறைந்து வாழ்ந்தபோதே 1887இல் இறந்தார். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். நெல்சன், ஓக்ஸ் இருவரும் மனைவியை இழந்த பின் மறுமணம் செய்தவர்கள். ஆலயத்தில் செய்யும் திருமண முத்திரிப்பு மரணத்துக்குப் பின்னும் நீடிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே நித்தியத்தில் இரு மனைவியர் என்ற கேள்வி சபைப் பெண்கள் பலரை உண்மையிலேயே வருத்துகிறது. அதைக் கேலியாக்காமல் பேச வேண்டும்.

கேள்வி: எல்லோரும் அமெரிக்கர்கள்தானா? இந்தியாவோடு தொடர்பு உண்டா?

நெடுங்காலம் பெரும்பாலும் அப்படித்தான். உக்டார்ஃப் ஜெர்மானியர். உலிசஸ் சோரஸ் பிரேசிலைச் சேர்ந்த கணக்காளர். சீன வம்சாவளி அமெரிக்கரான கெரிட் கோங்கும் அவரும் 2018இல் ஒன்றாக வந்தார்கள். 2023இல் வந்த பேட்ரிக் கியரன் ஆங்கிலேயர், வளர்ந்த பிறகு சபையில் சேர்ந்தவர். அப்போஸ்தலர் குழுமத்தில் இந்தியர் இதுவரை இல்லை. தொடர்பு மட்டும் பழையது: சால்ட் லேக்கில் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கிய ரிச்சர்ட் பாலன்டைன் 1853இல் மதராஸில் ஊழியம் செய்தார். பெங்களூரில் ஆலயம் கட்டப்படும் என்று 2018 ஏப்ரலில் அறிவித்தவர் நெல்சன்.