ஹெல்சிங்கி–டோக்கியோ: எது தூரம்?

கேள்வி: பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ சுமார் 7,800 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் ஒன்பது மணி நேரத்தில் போய்விடலாம். இப்போது 13 மணி நேரம் ஆகிறது என்கிறார்கள். கட்டணத்தை ஏற்றத்தான் இப்படிச் சுற்றிப் போகிறார்களா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: உங்கள் கணக்கு சரி. பழியைப் போட்ட இடம்தான் தப்பு.

7,800 என்பது பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம். அந்த நூலின் பெரும்பகுதி ரஷ்யாவின் மேல் கிடக்கிறது. தன் மண்ணுக்கு மேலே உள்ள வானம் முழுக்க அந்தந்த நாட்டுக்கே சொந்தம் என்று 1944 சிகாகோ உடன்படிக்கையின் முதல் பிரிவே சொல்கிறது. வேண்டாம் என்று ஒரு நாடு சாத்திவிட்டால் சாத்தியதுதான்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்கு வானத்தை மூடியது. பதிலுக்கு ரஷ்யாவும் மூடியது. பின்லாந்தின் விமான நிறுவனமான ஃபின்னேர் அடுத்த மாதமே வேறு வழி பிடித்தது. நார்வேயைத் தாண்டி, வட துருவத்தின் மேலாக அலாஸ்கா பக்கம் போய், பசிபிக் வழியாக ஜப்பான். கிட்டத்தட்ட 13,000 கி.மீ. துருவத்தைக் கடந்ததற்காகப் பயணிகளுக்குச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.

இதில் நிறுவனத்துக்கு என்ன லாபம்? எரிபொருள் 40 சதவீதம் அதிகம் எரிகிறது. ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு எங்கள் ஊர் வழியாகப் போனால்தான் கிட்டம் என்று சொல்லியே வியாபாரத்தை வளர்த்த நிறுவனம் அது. அதன் அடிமடியிலேயே கை வைத்த மாதிரி ஆகிவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சோவியத் காலத்திலும் இதே கதைதான். 1983-இல் ஃபின்னேர் முதன்முதலாக டோக்கியோவுக்கு நிற்காமல் பறந்ததும் துருவத்தின் மேலாகத்தான். டிசி-10 விமானம், அதே 13 மணி நேரம். நாற்பது ஆண்டில் விமானங்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. பயண நேரம் மட்டும் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

ரஷ்யா நமக்கு மூடவில்லை. ஆனால் அந்த வழியிலும் சங்கடம் உண்டு. 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் மகதானில் இறங்கியது. 216 பயணிகள். அத்தனை பேருக்கும் அந்தச் சிறிய ஊரில் ஓட்டல் அறை கிடையாது. சிலர் பள்ளிக்கூடத்தில் தரையில் மெத்தை போட்டுப் படுத்தார்கள். மாற்று விமானம் போய்த்தான் அவர்களை அழைத்துச் சென்றது.

நம் பக்கத்து வானமும் இப்போது திறந்தில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் நம் விமானங்களுக்கு வானத்தை மூடியது. சில நாளில் நாமும் அவர்களுக்கு மூடினோம். அன்றிலிருந்து டெல்லியில் ஏறி லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ நம் விமானத்தில் போகிறவர்கள் தெற்கே இறங்கி, அரபிக்கடல் பக்கமாகச் சுற்றித்தான் போகிறார்கள். கட்டணம் ஏன் ஏறியது என்று கேட்க வேண்டுமானால், வானத்தைச் சாத்தியவர்களைக் கேளுங்கள்.