128 பஃபரில் வெடிப்புச் சத்தம்: லேப்டாப்பை மாற்ற வேண்டுமா?

இப்போதைக்குப் புதிது வாங்காதீர்கள். லேப்டாப்பில் இசைப்பதிவு செய்யும்போது சிபியு பயன்பாடு 30 சதவீதத்தைத் தாண்டவில்லை, ஆனாலும் பஃபரை (ஒரு தடவைக்கு எத்தனை ஒலி சாம்பிள்களைக் கையாள்வது என்ற அளவை) 128-க்கு இறக்கினால் ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக், ஸ்பீக்கரை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியில்) படபடவென்று சத்தம் வெடிக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் வேகக் குறைவை விட, ஏதோ ஒரு டிரைவர் (லேப்டாப்பின் பாகங்களை இயக்கும் மென்பொருள்) நடுவில் புகுந்து நேரத்தைத் தின்பதற்கே வாய்ப்பு அதிகம். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில், 128 சாம்பிள் என்பது வெறும் 2.7 மில்லிசெகண்ட். அதற்குள் அடுத்த துண்டு வந்து சேராவிட்டால் சத்தம் உடையும்.

என் சந்தேகம் வைஃபை டிரைவர் மேல்தான்.

1. விண்டோஸ் என்றால், டிரைவர்களின் தாமதத்தை அளக்கும் லேட்டன்சிமான் என்ற மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, எந்த டிரைவர் மேலே நிற்கிறது என்று பாருங்கள். அப்புறம் வைஃபையை அணைத்துவிட்டு இன்னொரு முறை.
2. யூஎஸ்பி ஹப்பைக் கழற்றி இன்டர்ஃபேஸை லேப்டாப்பில் நேரடியாகச் செருகுங்கள், இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரின் ஏசியோ டிரைவரையே (விண்டோஸில் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் வகை) போடுங்கள்.

ஒன்று மட்டும்: அந்த 30 சதவீதம் சிபியுவுக்குள் இருக்கும் எல்லாக் கோர்களின் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளின்) சராசரி. ஒரே டிராக்கில் கனமான பிளகின்களை (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்களை) அடுக்கியிருந்தால் ஒரு கோர் மட்டும் திணறலாம், அது அந்த எண்ணில் தெரியாது. அதுதான் காரணம் என்றால் சரி, மாற்றுங்கள். ஆனால் கோர் எண்ணிக்கையைவிட ஒற்றைக் கோர் வேகத்தைப் பாருங்கள், திருப்பித் தர முடிகிற இடத்தில் வாங்குங்கள், ஏனென்றால் டிரைவர் தாமதத்தை எந்த விவரப் பட்டியலிலும் போடமாட்டார்கள்.