கிளாடியா கோடே-கில்ஷை எந்தத் தராசில் நிறுப்பது?

கேள்வி: 80களின் மகளிர் டென்னிஸ் பற்றி எழுதுகிறேன். மேற்கு ஜெர்மனியின் கிளாடியா கோடே-கில்ஷ் இரட்டையர் ஆட்டத்தில் முன்னணியில் இருந்தவர். ஆனால் எங்கே தேடினாலும் ‘ஸ்டெஃபி கிராஃபின் ஜோடி’ என்பதோடு முடித்துவிடுகிறார்கள். கிராண்ட்ஸ்லாம் இரட்டையர் பட்டமும் இரண்டுதான். இவரைப் பெரிய ஆட்டக்காரர் என்று எழுதலாமா?

பதில்: தாராளமாக எழுதுங்கள். பட்டங்களை எண்ணுவதோடு நின்றுவிடாமல், இறுதிப் போட்டிகளில் அவர் யாரிடம் தோற்றார் என்று பாருங்கள். 1984 பாரிஸ் (பிரெஞ்சு ஓபன்), அதே ஆண்டு மெல்போர்ன் (ஆஸ்திரேலிய ஓபன்), 1985 பாரிஸ், மறுபடி மெல்போர்ன், 1988 பாரிஸ். ஐந்திலும் எதிரே நின்றது அமெரிக்காவின் மார்ட்டினா நவ்ரதிலோவா - பாம் ஷ்ரைவர் ஜோடி. 1983 முதல் 1985 வரை தொடர்ந்து 109 ஆட்டங்களை வென்றவர்கள் அவர்கள். அந்த ஓட்டத்துக்கு நடுவேதான் இவர் முதல் மூன்று இறுதிகளில் மோதினார். 1985 அமெரிக்க ஓபன் இறுதியிலும் அதே இருவர்தான். செக்கோஸ்லோவாக்கியாவின் ஹெலனா சுகோவாவோடு ஆடிய கோடே-கில்ஷ் முதல் செட்டை டைபிரேக்கரில் இழந்தார். அடுத்த இரண்டையும் 6-2, 6-3 என்று வென்றார். ஆறடிக்கு மேல் உயரமுள்ள இரண்டு பேர் வலையை ஒட்டி நின்றால் அவர்கள் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிப்போடுவது லேசான காரியமா? 1987 விம்பிள்டனும் இந்த ஜோடிக்கே.

இரட்டையருக்கு மட்டுமே ஆனவர் என்று எழுதிவிடாதீர்கள். 1985இல் ஒற்றையர் தரவரிசையில் 4ஆம் இடம், அதே ஆண்டு பாரிஸில் அரையிறுதி.

புகழ் கிடைக்காததற்குக் காரணம் காலம்தான். 1985 ஜூலையில் 17 வயது போரிஸ் பெக்கர் விம்பிள்டனை வென்றதும் ஜெர்மானியர் கண்ணெல்லாம் அவர் மீது போய்விட்டது. 1987 ஆகஸ்டில் கிராஃப் ஒற்றையர் முதலிடத்துக்கு வந்துவிட்டார். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

அந்த ஆகஸ்டில்தான் வான்கூவரில் ஃபெடரேஷன் கோப்பை (நாடுகளுக்கு இடையிலான மகளிர் அணிப் போட்டி) இறுதி; எதிரே அமெரிக்கா. ஷ்ரைவரிடம் இவர் தோற்றார், கிறிஸ் எவர்ட்டை கிராஃப் வென்றார். தீர்மானிக்கும் இரட்டையரில் எவர்ட் - ஷ்ரைவருக்கு எதிராக ஜெர்மானியர் முதல் செட்டை 1-6 என்று கோட்டைவிட்டு, இரண்டாவதில் 0-4 என்று பின்தங்கியிருந்தார்கள். அங்கிருந்து மீண்டு 7-5, 6-4. மேற்கு ஜெர்மனிக்கு அதுவே முதல் கோப்பை. சற்று முன் ஒற்றையரில் தன்னைத் தோற்கடித்த ஷ்ரைவரை மறுபடி எதிரே பார்த்துக்கொண்டு ஆடியவர் கோடே-கில்ஷ். கட்டுரையை இங்கிருந்தே தொடங்குங்கள்.

1988 சியோல் ஒலிம்பிக்கில் கிராஃபோடு வாங்கிய வெண்கலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரையிறுதியில் அவர்களை வீழ்த்திய ஜோடியில் ஒருவர் அதே சுகோவா. அறிமுக வரியில் கிராஃப் பெயர் இருக்கும் இடத்தில் சுகோவாவின் பெயரைப் போடுங்கள்.