இரண்டாம் உலகப் போரின் உண்மையான திருப்புமுனை எது? ஸ்டாலின்கிராடா, மிட்வேயா, நார்மண்டியா?

கேள்வி கேட்டவர் மூன்று பெயர்களைக் கொடுத்து, இவற்றில் எது போரின் போக்கை மாற்றியது என்று கேட்டிருக்கிறார். ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால், மூன்றையும் தள்ளிவைத்துவிட்டு 1941 டிசம்பர் 5 முதல் 11 வரையிலான ஒரு வாரத்தைச் சொல்வேன். நார்மண்டியைத் திருப்புமுனைப் பட்டியலிலேயே சேர்க்க மாட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். ரயில்வேயின் சரக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போரைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால் தளபதிகளைத் தாண்டி, அவர்களுக்குப் பின்னால் வரும் வேகன்களைத்தான் என் கண் தேடும். டாங்கிகள் எத்தனை என்பதைவிட, அவற்றுக்குப் பெட்ரோல் எங்கிருந்து வந்தது என்பதே எனக்குச் சுவாரசியம். இந்தப் பதிலிலும் அந்தச் சாய்வு இருக்கும்.

1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் யூனியனுக்குள் நுழைந்தது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள், கூடவே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள். ஆம், குதிரைகள்தாம். செய்திப்படங்களில் டாங்கிகள் பாய்ந்து செல்வதைப் பார்த்து, ஜெர்மன் ராணுவம் முழுவதும் இயந்திரத்தில் ஓடியது என்று நினைத்துக்கொள்கிறோம். அதன் பெரும்பகுதி நடந்துதான் போனது. பீரங்கிகளைக் குதிரைகள் இழுத்தன.

அடுத்த தலைவலி தண்டவாளம். ரஷ்யப் பாதை அகலமானது, 1,524 மில்லிமீட்டர். ஜெர்மன் பாதை 1,435. நம் பக்கத்தில் மீட்டர் கேஜும் பிராட் கேஜும் சந்தித்த நிலையங்களில் ஒரு வேகன் சரக்கை இன்னொரு வேகனுக்கு மாற்றி ஏற்றும் வேலையைப் பார்த்தவர்களுக்கு இதன் வேதனை புரியும். ஜெர்மானியர்கள் ஒரு பக்கத் தண்டவாளத்தைப் பெயர்த்து உள்ளே தள்ளி அடித்துக்கொண்டே முன்னேறினார்கள். அது ஓரளவு எளிதுதான். ஆனால் ரஷ்ய எஞ்சின்கள் பெரியவை. ஒருமுறை தண்ணீரும் கரியும் நிரப்பினால் நெடுந்தூரம் ஓடுபவை. தண்ணீர் பிடிக்கும் நிலையங்களும் அந்தக் கணக்கில்தான் தள்ளித் தள்ளி அமைந்திருந்தன. ஜெர்மன் எஞ்சின்களுக்கு அந்த இடைவெளி கட்டுப்படியாகவில்லை. பனி விழுந்ததும் வெளியே குழாய்கள் வைத்துக் கட்டப்பட்ட அந்த எஞ்சின்கள் உறைந்து நின்றன.

மாஸ்கோ வாசலில் ஜெர்மன் வீரர்கள் குளிரில் விறைத்தார்கள் என்று எல்லோரும் எழுதுவார்கள். குளிர்கால உடைகளில் கணிசமான பங்கு பின்னால் போலந்துப் பக்கத்துக் கிடங்குகளில் தேங்கிக் கிடந்தது என்பதைக் குறைவாகவே எழுதுவார்கள். ஓடிய சில ரயில்களில் குண்டையும் பெட்ரோலையும் ஏற்றுவதா, குளிர்காலக் கோட்டுகளை ஏற்றுவதா? குண்டைத்தான் ஏற்றினார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். 'பனித் தளபதி ரஷ்யாவைக் காப்பாற்றினார்' என்ற பேச்சு எனக்குப் பிடிக்காததற்கு இதுவே காரணம். பனி ரஷ்யர்களுக்கும் சேர்த்துத்தான் பெய்தது.

டிசம்பர் 5 அன்று சோவியத் படைகள் திருப்பித் தாக்கின. நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் வரை வந்துவிட்ட ஜெர்மானியர்கள் பின்வாங்க நேர்ந்தது. டிசம்பர் 7 அன்று ஜப்பான் அமெரிக்காவின் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தைத் தாக்கியது. டிசம்பர் 11 அன்று ஹிட்லர், எந்தக் கட்டாயமும் இல்லாமல், தானாகவே அமெரிக்கா மீது போர் அறிவித்தார். ஜப்பானோடு செய்த ஒப்பந்தம்கூட இதை அவரிடம் கேட்கவில்லை. ஒரே வாரத்தில் விரைவு வெற்றி என்ற கனவு கலைந்து, உலகின் மிகப் பெரிய தொழிற்சாலை எதிரணியில் முழுமையாகச் சேர்ந்தது. அதன் பிறகு ஜெர்மனி எத்தனையோ சண்டைகளில் வென்றது. போரை வெல்லும் வழி எது என்று யாராலும் காட்ட முடியவில்லை.

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1939 ஆகஸ்டில் மங்கோலிய எல்லையில் கால்கின் கோல் என்ற இடத்தில் ஜப்பானியப் படையை ஒரு சோவியத் தளபதி நொறுக்கினார். பெயர் ஜுகோவ். பிற்பாடு மாஸ்கோவைக் காத்தவரும் அவரே. அந்த அடி வாங்கிய ஜப்பான் வடக்கே போகத் தயங்கி, எண்ணெயும் ரப்பரும் இருந்த தெற்கைப் பார்த்தது. வடக்கே வந்திருந்தால் 1941 குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து மாஸ்கோவுக்குப் படைகளை அனுப்ப ஸ்டாலின் துணிந்திருப்பாரா? சந்தேகமே. உலகம் கவனிக்காத ஒரு புல்வெளிச் சண்டை இவ்வளவு தூரம் பாய்ந்தது.

ஸ்டாலின்கிராடுக்கு வருவோம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 1942 கோடையில் ஜெர்மானியர்கள் தெற்கே போனதற்குக் காரணம் அந்த நகரம் அல்ல, காகசஸ் எண்ணெய். சோவியத் எண்ணெயில் பெரும்பங்கு பாகுவிலிருந்து வந்தது. ஆகஸ்டில் அங்கிருந்த மைகோப் எண்ணெய் வயலைப் பிடித்தார்கள். கிணறுகளை ரஷ்யர்கள் முன்னதாகவே நாசம் செய்துவிட்டார்கள். பாகுவை எட்டவே இல்லை. இடையில் ஸ்டாலினின் பெயர் தாங்கிய நகரத்தின்மேல் பிடிவாதம் ஏறி, 6-ஆவது ராணுவத்தைத் தெருத்தெருவாக அரைக்க விட்டார்கள். நவம்பர் 19 அன்று தொடங்கிய சோவியத் எதிர்த்தாக்குதல், பக்கவாட்டில் போதிய ஆயுதமில்லாமல் நின்ற ருமேனியப் படைகளை உடைத்துக்கொண்டு நான்கே நாட்களில் வளையத்தை மூடியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே சிக்கினார்கள். விமானத்திலேயே சோறு போடுகிறேன் என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்குக் கொடுத்தார். நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் தேவை. போய்ச் சேர்ந்தது சராசரியாக அதில் மூன்றில் ஒரு பங்கு. 1943 பிப்ரவரி 2 அன்று எல்லாம் முடிந்தது. சிறைப்பட்ட சுமார் 91,000 பேரில் பல ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியவர்கள் ஆறாயிரத்துக்குள்தான்.

மிட்வே பற்றி நம் வாசகர்களுக்கு ஒரு தகவல். 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும் 9 அன்று திருகோணமலையிலும் குண்டு போட்டது ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல் படை. மட்டக்களப்புக்கு அருகே பிரிட்டனின் ஹெர்மிஸ் கப்பலை மூழ்கடித்ததும் அதுவே. அந்த ஏப்ரலில்தான் சென்னையிலிருந்து மக்கள் சாரிசாரியாக ஊர்ப்பக்கம் கிளம்பினார்கள். அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு மாறின. இந்தியப் பெருங்கடலைக் கலக்கிய ஐந்து விமானந்தாங்கிகளில் அகாகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்றும் சரியாக இரண்டு மாதம் கழித்து, ஜூன் தொடக்கத்தில், பசிபிக் கடலின் மிட்வே தீவு அருகே காகா என்ற இன்னொரு விமானந்தாங்கியோடு சேர்ந்து கடலடிக்குப் போயின. ஜப்பானியச் சங்கேதங்களை அமெரிக்கர்கள் படித்துவிட்டதால் அங்கே ஆள் காத்திருந்தது. அதிர்ஷ்டமும் உண்டு: தாழப் பறந்து வந்த டார்பிடோ விமானங்கள் கொத்துக் கொத்தாக விழுந்துகொண்டிருந்த நேரத்தில், உயரத்தில் வந்த குண்டுவீச்சு விமானங்களை ஜப்பானியர்கள் கவனிக்கவில்லை. சில நிமிடங்களில் மூன்று கப்பல்கள் தீப்பிடித்தன.

வட ஆப்பிரிக்காவின் எல் அலமெய்ன் சண்டை பிரிட்டிஷாரின் மனத்தில் பெரியது, கணக்கில் சிறியது. ரஷ்யாவின் குர்ஸ்க் சண்டை, ஏற்கெனவே திரும்பிவிட்ட போருக்கு அடித்த முத்திரை.

யாரும் பட்டியலில் சேர்க்காத ஒன்றுக்கு வருகிறேன்: 1943 மே, அட்லாண்டிக். பிரிட்டன் ஒரு தீவு. எண்ணெய் ஏறத்தாழ முழுவதும், உணவில் பெரும்பங்கும் கப்பலில் வந்தாக வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில் இரண்டு கப்பல் அணிகளைச் சூழ்ந்து ஜெர்மன் நீர்மூழ்கிகள் 22 கப்பல்களை மூழ்கடித்தன. அவர்கள் பக்கம் இழப்பு ஒரே ஒரு நீர்மூழ்கி. இரண்டு மாதங்களுக்குள் நிலைமை தலைகீழானது. மே மாதத்தில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகள் போயின. ஜெர்மன் கடற்படைத் தலைவர் டோனிட்ஸ் 24 ஆம் தேதி தம் படகுகளை வட அட்லாண்டிக்கிலிருந்து விலக்கிக்கொண்டார். அந்த மாதம் இறந்தவர்களில் அவருடைய மகனும் ஒருவர்.

எப்படி மாறியது? ஒரு பெரிய வீரச்செயலைக் காட்ட முடியாது. நீர்மூழ்கிகளின் கருவிகளால் உணர முடியாத குற்றலை ரேடார், நடுக்கடல்வரை பறந்த லிபரேட்டர் விமானங்கள், வானொலி வந்த திசையைக் கண்டுபிடிக்கும் கருவி, காவலுக்குச் சிறிய விமானந்தாங்கிகள் என்று பல சின்ன விஷயங்கள் ஒரே சமயத்தில் கைகூடின. எனிக்மா என்ற ஜெர்மன் சங்கேதத்தை உடைத்ததும் உண்டு. 1942 அக்டோபர் இறுதியில் எகிப்துக்கு வடக்கே மூழ்கிக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக்குள் ஃபாசன், கிரேசியர் என்ற இரண்டு பிரிட்டிஷ் கடற்படையினர் இறங்கிச் சங்கேதப் புத்தகங்களை எடுத்துக்கொடுத்தார்கள். மேலே நின்று அவற்றை வாங்கியவன் டாமி பிரவுன், கப்பல் கேன்டீனில் வேலை பார்த்த 16 வயதுப் பையன். படகு திடீரென்று அமிழ்ந்தபோது கீழே இருந்த இருவரும் அதோடு போனார்கள். பையன் தப்பினான். அந்தப் புத்தகங்களைக் கொண்டுதான், பல மாதங்கள் படிக்க முடியாமல் இருந்த நீர்மூழ்கிச் செய்திகளை மறுபடி படிக்க முடிந்தது. என்னைக் கேட்டால், இந்தப் போரில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய முதல் கதை இது.

கிழக்கே இம்பாலையும் கோஹிமாவையும் விட முடியாது. 1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முதகுச்சி பர்மாவிலிருந்து மூன்று டிவிஷன்களோடு, சுமார் மூன்று வார உணவோடு, மலை தாண்டினார். மீதியை எதிரியின் கிடங்குகளில் எடுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. இறைச்சிக்காக ஓட்டிவந்த மாடுகள் ஆற்றிலும் மலையிலும் செத்தன. இந்திய தேசிய ராணுவமும் அந்தப் படையெடுப்பில் இருந்தது. முற்றுகையில் இருந்த இம்பாலுக்கு மாதக்கணக்கில் விமானத்திலேயே அரிசியும் குண்டும் ஆளும் வந்தன. ஸ்டாலின்கிராடில் கோரிங்கால் முடியாததை இங்கே பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் செய்துகாட்டினார். பட்டினி தாங்காமல் ஜப்பானிய டிவிஷன் தளபதி சாதோ, உத்தரவை மீறிக் கோஹிமாவிலிருந்து கிளம்பிவிட்டார். இறந்த ஜப்பானியர்கள் சுமார் 30,000. பெரும்பாலோரைக் கொன்றது பசியும் நோயும்.

பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குச் சரக்கு கொண்டுபோகத்தான் சயாம்-பர்மா ரயில் பாதை போடப்பட்டது. 415 கிலோமீட்டர், மீட்டர் கேஜ், 1943 அக்டோபரில் முடிந்தது. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் அதன் ஓரத்தில் செத்தார்கள். நேச நாட்டுக் கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. இவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. ரயில்வேக்காரனாக இதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது.

இனி நார்மண்டி. 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் அந்தக் கரையில் நேச நாடுகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இறக்கியது மாபெரும் காரியம்தான். ஆனால் அட்லாண்டிக் கையில் இல்லாவிட்டால் அந்தப் படை இங்கிலாந்துக்கே வந்து சேர்ந்திருக்காது. அதே மாதம் 22 ஆம் தேதி வாக்கில் பெலாரஸில் தொடங்கிய சோவியத் தாக்குதல், ஜெர்மனியின் மத்தியப் படைத்தொகுதியை அடையாளம் தெரியாமல் செய்தது. நார்மண்டி இல்லாவிட்டாலும் ஜெர்மனி தோற்றிருக்கும்; தாமதமாக, ஒருவேளை பாரிஸ்வரை சோவியத்தின் செம்படை வந்து நின்றிருக்கும். போருக்குப் பிந்திய ஐரோப்பாவின் வரைபடத்தை நார்மண்டி மாற்றியது என்றால் ஒப்புக்கொள்வேன்.

வென்றவர்களையும் வேகன் கணக்கு விடவில்லை. செப்டம்பரில் அமெரிக்கத் தளபதி பேட்டனின் டாங்கிகள் பெட்ரோல் இல்லாமல் நின்றன. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகம் செப்டம்பர் 4 அன்றே கைக்கு வந்தது. கடலிலிருந்து அதற்குப் போகும் ஷெல்ட் கழிமுகத்தின் கரைகளை உடனே பிடிக்காததால் முதல் சரக்குக் கப்பல் அணி உள்ளே வந்தது நவம்பர் 28 அன்று. டிசம்பரில் ஹிட்லர் மேற்கே கடைசியாகப் பெரிய அளவில் தாக்கியபோது குறிவைத்தது இந்தத் துறைமுகத்தைத்தான். அவ்வளவு தூரம் போகப் பெட்ரோல் அவரிடம் இல்லை. வழியில் அமெரிக்கக் கிடங்குகளைப் பிடித்து நிரப்பிக்கொள்ளலாம் என்று நம்பிக் கிளம்பினார்கள்.