கருமுட்டை தானம்: 6 லட்சம் போதுமா, நகையை வைக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 41 வயது, கணவருக்கு 44. தானமாகப் பெறும் கருமுட்டை மூலம்தான் வாய்ப்பு அதிகம் என்கிறார் மருத்துவர். மருத்துவமனை பேக்கேஜ் 3.2 லட்சம். இடையில் ஒருவர், "நல்ல டோனர் தருகிறேன்" என்று 80,000 ரூபாய் ரொக்கமாகக் கேட்கிறார். வங்கி டெபாசிட்டில் 6 லட்சம் இருக்கிறது. இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 62,000, செலவு 38,000. நகைக் கடன் வாங்கலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: அந்த 80,000 ரூபாயைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், சகோதரி. 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி கருமுட்டையை விலைக்கு வாங்கவோ விற்கவோ கூடாது. பதிவு பெற்ற கருமுட்டை வங்கி வழியாகத்தான் தானம் பெற முடியும். 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் வயதைப் போலி ஆதாரில் மாற்றி, பலமுறை கருமுட்டை எடுத்தது வெளிவந்தது. இடைத்தரகர் காட்டும் அடையாள அட்டையை நம்ப முடியாததற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

சட்டம் சொல்லும் இன்னொரு விஷயம்தான் உங்கள் பட்ஜெட்டைத் தீர்மானிக்கும். தானம் தருபவருக்கு வயது 23 முதல் 35க்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம், எடுப்பதும் 7 முட்டைக்கு மேல் கூடாது. அந்த ஏழும் முதிர்ந்திருக்காது. முதிர்ந்தவை எல்லாம் கருவுறாது, கருவுற்றவை எல்லாம் ஐந்தாம் நாள் வரை வளராது. கடைசியில் கையில் நிற்பது இரண்டு மூன்று கருக்களாக இருக்கலாம், ஒன்றும் மிஞ்சாமலும் போகலாம். அதனால் ஒரே முயற்சிக்கு மொத்தப் பணத்தையும் இறக்காதீர்கள்.

மூன்று மாதச் செலவுக்கு 1.2 லட்சத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். மீதி 4.8 லட்சத்தில் பேக்கேஜ் போக 1.6 லட்சம் நிற்கும். பேக்கேஜில் பெரும்பாலும் விடுபடுவதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: கர்ப்பப்பை உள்சவ்வை வளர்க்கும் ஹார்மோன் மாத்திரை, கர்ப்பம் உறுதியானபின் கர்ப்பத்தின் பத்தாம் வாரம் வரை தொடரக்கூடிய புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மருந்து, கருவை உறைய வைக்கும் கட்டணம், அதன் ஆண்டு வாடகை, இரண்டாவது முறை கருவை வைக்க ஆகும் தொகை. டோனருக்கு 12 மாத மருத்துவக் காப்பீடு எடுத்துத் தருவதும் உங்கள் சட்டக் கடமை. அது பேக்கேஜில் இருக்கிறது என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, பாலிசி நகலைக் கேளுங்கள்.

நகைக் கடன் இப்போது வேண்டாம். டெபாசிட்டை ஒரே ரசீதாக வைத்திருந்தால் முன்கூட்டி முடிக்கும்போது முழுத் தொகைக்கும் வட்டி குறையும். அதன் மீதே கடன் வாங்கினால் டெபாசிட் வட்டியைவிடச் சுமார் 1 முதல் 2 சதவீதம்தான் கூடுதல். புதுப்பிக்கும்போது 1 லட்ச ரூபாய் ரசீதுகளாகப் பிரித்துவிடுங்கள்.

உங்கள் சொந்த மருத்துவக் காப்பீட்டில் இதற்குப் பணம் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். குழந்தைப்பேறு சிகிச்சை பெரும்பாலான பாலிசிகளில் விலக்கு. பிரசவச் செலவு சேர்ந்த பாலிசிக்கும் காத்திருப்புக் காலம் உண்டு, அதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே பாருங்கள். தானக் கருமுட்டைக் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு அதிகம், உங்கள் வயதும் சேர்கிறது. மாதம் மிஞ்சும் 24,000ஐ பிரசவத்துக்கென்றே ரெக்கரிங் டெபாசிட்டில் போடுங்கள்.

ஒரு முறைக்கு ஒரே கருவை வைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரட்டைக் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்து பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வாரம் இருந்தால், அந்த ஒரு பில்லே இந்த 6 லட்சத்தை விழுங்கிவிடும்.