கணினி நிறுவனங்கள் செயலியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கணினியின் மூளையான செயலியை (பிராசசர்) தயாரிக்கும் இரு முக்கிய நிறுவனங்களில் ஏஎம்டியின் செயலிகள் வேகத்தில் முந்தியிருந்த ஆண்டுகளிலும் பெரிய கணினி நிறுவனங்கள் இன்டெலின் செயலிகளையே வாங்கியது ஏன்?

பதில்: ஒரு செயலியின் விலையை மட்டும் பார்த்தால் இது விளங்காது, வாங்கும் மொத்தச் சரக்குக்கும் சேர்த்துக் கிடைக்கும் தள்ளுபடியைப் பார்க்க வேண்டும். இத்தகைய தள்ளுபடிகளால் போட்டியைத் தடுத்ததாக இன்டெலுக்கு 2009-இல் 106 கோடி யூரோ அபராதம் விதித்த ஐரோப்பிய ஆணையம் ஒரு நிகழ்வைச் சுட்டிக்காட்டியது. ஏஎம்டி பத்து லட்சம் செயலிகளை இலவசமாகத் தர முன்வந்தும், அனைத்தையும் ஏற்றுக்கொண்டால் ஏனைய கொள்முதலுக்கு இன்டெல் தரும் தள்ளுபடி பறிபோகும் என்பதால், ஒரு கணினி நிறுவனம் 1,60,000 செயலிகளை மட்டுமே பெற்றுக்கொண்டது. இலவசம்கூடக் கட்டுப்படியாகாத சந்தை அது! அந்தத் தள்ளுபடிகள் போட்டியை நசுக்கக்கூடியவை என்பதை ஆணையம் போதிய அளவு நிறுவவில்லை என்று கூறி ஐரோப்பிய நீதிமன்றம் 2022-இல் அபராதத்தை நீக்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் கொள்முதல் அதிகாரி போடும் கணக்கு எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: விலை உயர்ந்தால் அடுத்த மாதமே மறு நிறுவனத்துக்கு மாறிவிட முடியாதா?

பதில்: முடியாது. இரு நிறுவனங்களின் சாக்கெட்டுகளும் (செயலியைப் பொருத்தும் இடம்) வேறுபட்டவை என்பதால் மதர்போர்டு (பாகங்களை இணைக்கும் முதன்மைப் பலகை), சிப்செட் (செயலிக்குத் துணைபுரியும் சில்லுகள்), பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்), குளிர்விப்பு அமைப்பு ஆகிய அனைத்தையும் புதிதாக வடிவமைத்துச் சோதிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பது ஆபத்தில்லையா?

பதில்: ஆபத்துதான். அதனால்தான் 1981-இல் வெளிவந்த தன் தனிநபர் கணினிக்கு இன்டெல் 8088-ஐத் தேர்ந்தெடுத்த ஐபிஎம், அதே செயலியைத் தயாரிக்க இரண்டாவது நிறுவனமும் வேண்டும் என்று வலியுறுத்தியது. இன்டெல் வடிவமைத்த செயலிகளை ஏஎம்டியும் தயாரிக்கும் உரிமை தொடர்பாக 1982-இல் இரு நிறுவனங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பின்னணி அதுவே. பின்னாளில் வந்த 80386 செயலிக்கு அந்த உரிமையை இன்டெல் தர மறுத்ததால், ஐபிஎம் ஏற்படுத்திய பாதுகாப்பு குலைந்தது. 2018-இல் இன்டெல் செயலிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, ஏஎம்டி மாடல்களையும் வரிசையில் வைத்திருந்த நிறுவனங்களுக்கு மாற்று வழி இருந்தது. என்னைக் கேட்டால், விலைக்கு இணையாக விநியோக உறுதியையும் எடைபோட வேண்டும்.

கேள்வி: ஆப்பிளால் மட்டும் எப்படி மாற முடிகிறது?

பதில்: இயங்குதளமும் வன்பொருளும் அதன் கையிலேயே இருப்பதால். பவர்பிசி என்ற செயலி வகையிலிருந்து இன்டெலுக்கு மாறுவதாக 2005-இல் அறிவித்தபோது, ஒரு வாட் மின்சாரத்துக்குக் கிடைக்கும் செயல்திறனையே அது காரணமாகக் கூறியது; 2020-இல் தானே வடிவமைத்த எம்1 செயலிக்கு மாறியபோதும் அதே அளவுகோலையே முன்வைத்தது. விண்டோஸை நம்பியிருக்கும் டெல், ஹெச்பி போன்ற நிறுவனங்களுக்கு அந்த வசதி இல்லை.